சலில் சௌத்ரி: நமக்குப் பாதி, இவர்களுக்கு முழுசு

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம். துர்கா பூஜை, அஷ்டமி சாயங்காலம். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு (இந்த ஊரில் நம்ம ஆட்களுக்கு அதுதான் திருத்தலம்) வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். தெருமுனைப் பந்தலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு மெட்டு காதில் விழுந்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

அட, நம்ம எஸ்.பி.பி. பாட்டு! 'அழியாத கோலங்கள்' படத்தில் வருமே, அது! ஆனால் குரல் லதா மங்கேஷ்கர். மொழி வங்காளம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பந்தல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தாதா, இது எங்க தமிழ்ப் பாட்டு ஆச்சே!" என்றேன். (தாதா என்றால் இங்கே அண்ணன். நம்ம ஊர் தாதா இல்லை.) அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க பாட்டா? இது எங்க சலில்-தா பாட்டு. மெட்டும் அவருடையது, வார்த்தையும் அவருடையது."

வார்த்தையுமா? எனக்கு அதுதான் புதுசு. சலில் சௌத்ரி என்றால் இசையமைப்பாளர். 'செம்மீன்' போட்டவர், 'மதுமதி' போட்டவர். அவர் பாட்டும் எழுதுவார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் முதலில் ஒரு கவிஞர். அப்புறம்தான் மற்றதெல்லாம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கில் தேடிப் படித்ததும், அந்தப் பெரியவர் உட்கார வைத்துச் சொன்னதும்தான் இந்தப் பதிவு.

தேயிலைத் தோட்டத்து கிராமபோன்

சலில் சௌத்ரி 1920களில் பிறந்தவர். கொல்கத்தாவுக்குத் தெற்கே 24 பர்கானா மாவட்டத்துக்காரர். அப்பா அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர். அங்கே இருந்த ஓர் ஐரிஷ் டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது தன்னிடமிருந்த மேற்கத்திய இசைத்தட்டுகளையெல்லாம் இவர்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் மொசார்ட்டும் பீத்தோவனும், சாயங்காலம் தோட்டத் தொழிலாளர்களின் பாட்டு. இப்படி வளர்ந்த பிள்ளை அவர். 1961ல் வந்த 'சாயா' இந்திப் படத்தில் மொசார்ட்டின் 40ஆவது சிம்பொனியை எடுத்து அவர் காதல் பாட்டு பண்ணியது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? புல்லாங்குழலும் நன்றாக வாசிப்பார்.

படிக்க கொல்கத்தா வந்து பங்கபாசி கல்லூரியில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் 1943 வங்காளப் பஞ்சம். இருபது லட்சம் பேரிலிருந்து முப்பது லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்கிறார்கள். கிராமத்திலிருந்து கஞ்சித் தண்ணி கேட்டுக்கொண்டு இந்த நகரத்துத் தெருக்களுக்கு வந்து, தெருவிலேயே விழுந்து செத்தார்கள். அரிசி இல்லாமல் இல்லை, வாங்கப் பணம் இல்லை. யுத்தத்துக்காக வெள்ளைக்கார அரசு எடுத்த முடிவுகளும், பதுக்கலும், விலை ஏற்றமும் சேர்ந்து கிராமத்து ஏழைகளை முடித்துவிட்டன.

அதைப் பார்த்த பையன் சும்மா இருப்பானா? இப்டா என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்த கலைஞர்களின் அமைப்பு. கூட்டத்துக்கு, ஊர்வலத்துக்கு, வேலைநிறுத்தத்துக்கு என்று பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, அவரே பாடச் சொல்லிக் கொடுத்தார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு 1946-47ல் குத்தகை விவசாயிகள் நடத்திய தேபாகா போராட்டத்தில் அவர் பாட்டைத்தான் பாடினார்கள். மேடையில் பத்து இருபது பேர் சேர்ந்து பாடும்போது எல்லாரும் ஒரே சுரத்தில் பாடாமல், குரல்களைப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். தேயிலைத் தோட்டத்து கிராமபோன் விவசாயி ஊர்வலத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

தம்தம் தொழிற்சாலை

இங்கே கொஞ்சம் கம்பெனிக் கதை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது.

லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஆள் பிரெட் கைஸ்பெர்க் 1902ல் கப்பலில் வந்து இறங்கி, இந்தியாவில் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது இந்த ஊரில்தான். 1908ல் சியால்தாவில் தொழிற்சாலை. 1928ல் தம்தம்மில் பெரிய தொழிற்சாலை. இங்கிருந்து விமான நிலையம் போகிற ஜெசோர் ரோட்டில் இருக்கிறது அந்த இடம். நாய் கிராமபோன் கேட்கும் படம் போட்ட எச்.எம்.வி. தட்டு, உங்கள் தாத்தா வீட்டில் இருந்திருந்தால், அது அநேகமாக இங்கே அழுத்தப்பட்டதுதான். அந்தத் தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. ஜார்க்கண்ட், புருலியா பக்கத்துக் காட்டு மரங்களில் பூச்சி கூடு கட்டுமே, அதே அரக்கு. 1931ல் லண்டனில் கம்பெனிகள் இணைந்து இ.எம்.ஐ. ஆனபோது, தம்தம்மும் அதன் கீழ் வந்தது.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். ஒரு பக்கம் ஒரு பாட்டு, மறுபக்கம் இன்னொரு பாட்டு. இதுதான் சட்டம்.

இந்த ஊரில் தட்டு விற்கும் காலம் பூஜைக் காலம். நமக்குத் தீபாவளிக்குப் புதுத்துணி, தீபாவளி மலர், தீபாவளி ரிலீஸ் மாதிரி, இவர்களுக்குப் பூஜைக்குப் புதுத்துணி, பூஜை மலர், பூஜைப் பாட்டு. சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத தனிப்பாட்டுகள்! ஹேமந்த முகர்ஜி, மன்னா டே, சந்தியா முகர்ஜி எல்லாரும் வருஷா வருஷம் பூஜைக்கென்று புதுப்பாட்டு பாடுவார்கள். எச்.எம்.வி. அதற்கு 'சாரத் அர்க்ய' என்று ஒரு புத்தகமே போடும். பாடகர் படம், எழுதியவர் பெயர், மெட்டுப் போட்டவர் பெயர், பாட்டின் வரிகள். பெரியவரிடம் பழையது இரண்டு மூன்று இருக்கிறது. பைண்டு பண்ணி பீரோவில் வைத்திருக்கிறார். பாட்டை வாங்கும்போதே வார்த்தையையும் வாங்கின ஜனங்கள்!

தட்டைத் திருப்பிப் போடு

1949ல் ஹேமந்த முகர்ஜி பாடி ஒரு எச்.எம்.வி. தட்டு வந்தது. பெயர் 'காயேர் போது'. (தமிழ்ப் 'போது' இல்லை. 'வது' என்ற சொல்லை வங்காளிகள் 'போது' ஆக்கிவிடுவார்கள். அகரம் எல்லாம் இவர்கள் வாயில் ஓகாரம். என் பெயரே இங்கே வேறு!) கிராமத்து மருமகள் என்று அர்த்தம். எழுதியதும் மெட்டுப் போட்டதும் சலில் சௌத்ரி.

அவர் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? 1948ல் மேற்கு வங்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவர் தலைமறைவாகத் திரிந்துகொண்டிருந்தார்.

பாட்டு ஒரு கதை. கிராமத்தில் ஒரு பெண். சின்ன வீடு, வயல், சந்தோஷமான குடும்பம். அப்புறம் பஞ்சம் வருகிறது. எல்லாம் போகிறது. அவ்வளவுதான் கதை. பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி என்ற கட்டே கிடையாது. கதை எப்படிப் போகிறதோ மெட்டும் அப்படியே மாறிக்கொண்டு போகும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும். மூன்று நிமிஷத்துக்குள் இது அடங்குமா? அடங்காது. எனவே ஒரே பாட்டு தட்டின் இரண்டு பக்கத்துக்கும் போனது. அந்தக் காலத்துப் பூஜைப் பாட்டு என்றால் நிலா, மாலை, பிரிவு, கண்ணீர் என்றுதான் இருக்கும். அதை எதிர்பார்த்துத் தட்டு வாங்கினவர், பாதிக் கதையில் எழுந்து போய் ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டும்.

பஞ்சம் முடிந்து ஆறே வருஷம். கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் அது நேற்று நடந்த மாதிரி. வெள்ளைக்காரன் ஆட்சியில் நடந்த பஞ்சத்தைப் பற்றி, போலீஸ் தேடுகிற ஆள் எழுதிய பாட்டு, லண்டன் கம்பெனியின் நாய் முத்திரையோடு கடைக்கு வந்தது. தட்டு நன்றாக விற்றது. கம்பெனிக்கு அது போதும்!

அதற்கப்புறம் இருவரும் கவிதைகளைப் பாட்டாக்கினார்கள். இருபது வயதில் 1947ல் இறந்துபோன சுகாந்த பட்டாச்சார்யாவின் 'ரானார்', தபால் பையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஓடுகிற அஞ்சல்காரனைப் பற்றியது. சத்யேந்திரநாத் தத்தாவின் பல்லக்குப் பாட்டு, பல்லக்குத் தூக்குகிறவர்களின் நடை. தூக்கிகளின் மூச்சிரைப்பு மெட்டிலேயே கேட்கும். அடுத்தவர் எழுதினாலும், தான் எழுதினாலும், வார்த்தை எப்படி நடக்கிறதோ அப்படித்தான் அவர் மெட்டு நடந்தது.

பம்பாய், அப்புறம் நம்ம பக்கம்

அவர் கதையும் எழுதுவார். ரிக்‌ஷாக்காரனைப் பற்றி அவர் எழுதிய கதையைக் கேட்டுவிட்டு பிமல் ராய் பம்பாய்க்குக் கூப்பிட்டார். அதுதான் 1953ல் வந்த 'தோ பீகா ஜமீன்'. கடனில் போன நிலத்தை மீட்க ஒரு விவசாயி கொல்கத்தா வந்து கைரிக்‌ஷா இழுக்கிற கதை. 1954 கான் விழாவில் பரிசு வாங்கியது. அந்தக் கைரிக்‌ஷாவை இந்த ஊரில் சில தெருக்களில் நானே பார்த்திருக்கிறேன். கதையும் இசையும் சலில். ஆனால் பாட்டு எழுத வேறு ஆள். மொழி இந்தி ஆயிற்றே!

இங்கேதான் விஷயமே. பம்பாய் போனதும் அவர் பாதி ஆகிவிட்டார். 1958ல் வந்த 'மதுமதி' பிலிம்பேர் விருது வாங்கித் தந்தது. சுமார் 75 இந்திப் படம். ஆனால் வார்த்தை சைலேந்திரா, குல்சார், யோகேஷ் என்று மற்றவர்களுடையது. அவர் முதலில் மெட்டைப் போடுவார், மற்றவர்கள் அதற்குள் வார்த்தையை உட்கார வைக்க வேண்டும். பல மெட்டுகள் ஏற்கனவே வங்காளத்தில் அவரே எழுதிய பாட்டுகளாக இருந்தவை. 1971ல் வந்த 'ஆனந்த்' படத்தில் முகேஷ் பாடும் அந்த அந்திநேரப் பாட்டு, வங்காளத்தில் ஹேமந்த முகர்ஜி பாடியது. அதே படத்தில் லதா பாடும் பாட்டும் வங்காளத்தில் லதாவே பாடியதுதான். நான் பந்தலில் கேட்டேனே, அது. அங்கிருந்து கிளம்பி 1979ல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு, கங்கை அமரன் வார்த்தைகளோடு எஸ்.பி.பி. குரலில் வந்து சேர்ந்தது. ஒரு மெட்டு, மூன்று மொழி, மூன்று கவிஞர்கள்.

'செம்மீன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1965. வயலார் ராமவர்மா வரிகள், யேசுதாஸ் குரல், மன்னா டே குரல். ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் தென்னிந்தியப் படம். மலையாளத்தில் அதோடு சேர்த்து 25 படங்களுக்கு மேல் செய்தார். அந்தப் பதிவுகளில் அவருக்குத் துணையாக நின்றவர் ஆர்.கே. சேகர், ஏ.ஆர். ரஹ்மானின் அப்பா. அவர் குழுவில் கிதார் வாசித்த இளைஞர் ஒருவர் இருந்தார். இளையராஜா! இசையில் நாம் இன்று 'நம்மது' என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிற இரண்டு வீட்டுக்கும் இந்தக் கொல்கத்தாக்காரர் வந்துபோயிருக்கிறார்.

மெட்டு முதலில், வார்த்தை பிறகு என்பது இங்கே மட்டும் நடந்ததில்லை. அதே இ.எம்.ஐ. கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் அதே காலத்தில் நார்மன் நியூவெல் என்று ஒருவர் இருந்தார். ஷெர்லி பாஸி பாட்டுகளைத் தயாரித்தவர். பாட்டும் எழுதுவார். 1962ல் வந்த 'மோண்டோ கானே' என்ற இத்தாலியப் படத்தின் மெட்டுக்கு 'மோர்' என்று ஆங்கில வார்த்தை எழுதினார். உலகமே பாடியது. அது ஒரு தொழில், சுலபமான தொழிலும் இல்லை. வயலாரும் கங்கை அமரனும் செய்தது அதைத்தான், அழகாகவே செய்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் மெட்டும் வார்த்தையும் ஒரே வயிற்றில் பிறந்த பாட்டு என்று ஒன்று இருக்கிறது. அது பிறந்த மொழியை விட்டு வெளியே வரும்போது மெட்டு மட்டும்தான் ரயில் ஏறுகிறது.

கடைசிக் காலத்தில் அவர் கொல்கத்தாவுக்கே திரும்பி வந்து, இங்கே ஒலிப்பதிவுக் கூடம் வைத்தார். 1988ல் சங்கீத நாடக அகாதமி விருது. 1995 செப்டம்பர் 5ல் இந்த ஊரிலேயே காலமானார்.

வீட்டில் நடந்தது

என் பெண் இங்கேதான் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் வங்காளம் படித்தாள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அந்த 1949 தட்டைப் போட்டுக் காட்டினார். கரகரவென்று ஊசி ஓடுகிறது. நான் தாளம் எங்கே மாறுகிறது, வயலின் எங்கே வருகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். இவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டைத் திருப்பிப் போட்டது அவள்தான். முடிந்ததும் திரும்பிப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னம்மா?"

"அந்த அக்கா வீடு இடிஞ்சு போச்சுப்பா. யாருமே இல்ல."

இத்தனை வருஷம் அந்த ஆளைக் கேட்கிற எனக்கு வராத அழுகை, முதல் தடவை கேட்கிற குழந்தைக்கு வந்தது. வார்த்தை புரிந்த காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள், "நீ எப்பவும் முணுமுணுக்கிற அந்தத் தமிழ்ப் பாட்டுக்கு என்ன அர்த்தம்ப்பா?"

சொல்லப் போனேன். முதல் வரி வந்தது. ரெண்டாவது வரிக்கு 'ல ல லா' தான் வந்தது. சத்தியமாக! இருபது வருஷமாகப் பாடுகிறேன், முணுமுணுக்கிறேன், வார்த்தை தெரியவில்லை. தாய்மொழிப் பாட்டுக்கே நான் பாதி ஆள்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இதில் அவளுக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்!

அதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ப் பாட்டு. கேட்பது மட்டும் இல்லை, வரியை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டும். இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் கவிஞர் பெயரையும் சொல்வார்களே, அந்த மாதிரி. புரியாத வார்த்தைக்கு நான் அர்த்தம் சொல்வேன். எனக்கும் தெரியாவிட்டால் ஊருக்குப் போன் போட்டு அம்மாவைக் கேட்போம். பதிலுக்கு அவள் எனக்கு ஒரு வங்காளப் பாட்டு சொல்லித் தருவாள். தட்டு மாற்றிக்கொள்கிற மாதிரி.

இப்போது அவள் வேலைக்கு வேறு ஊர் போய்விட்டாள். பெரியவரும் இல்லை. அவர் வீட்டார் அந்த 'சாரத் அர்க்ய' புத்தகங்களில் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். போன பூஜைக்கு வந்திருந்தபோது அதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். வெளியே பந்தலில் அதே மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை இரண்டு மொழியிலும் வார்த்தை தெரிந்தே கேட்டேன்.

பி.கு.: வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களே, உங்கள் வீட்டில் எந்தப் பாட்டு 'ல ல லா'வாக ஓடிக்கொண்டிருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் இரண்டாவது வரியைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரையும் சேர்த்து.